அழிக்கும் நாளைக் குறிப்பது யார்?

கரிசல் மண்ணில் கோடையில் விழும் வெடிப்பு, மழை பெய்தால் தானே மூடிக்கொள்ளும். பட்டாவில் விழுந்த பிழை அப்படி மூடுவதில்லை. 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வாக்கில் யூ.டி.ஆரில், ஏட்டில் மாறிப்போன பெயருக்காகப் பேரன் இன்றும் மனு எழுதுகிறான். கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் எட்டயபுரம் ஜமீன் ஒழிந்த பின்னரன்றோ, அங்கே உழுதவன் சர்க்காரிடம் நேரே பட்டா பெற்றான்! அவனுக்குப் பழைய பதிவேடே சாட்சி.

கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளை எழுதுவது நம் அலுவலகங்களின் நெடுநாள் வழக்கம். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று எழுத்தர் குறிப்பார். காலம் கடந்தால் அழிப்பார்கள். இம்முறையை நாம் பழிக்கவில்லை. களையெடுக்காத புஞ்சையில் பருத்தி விளையாது. ஆனால் அன்று கட்டை அவிழ்த்தவன் மனிதன்; ‘இதன்மீது மேல்முறையீடு நிற்கிறதே’ என்று எடுத்து வைக்க அவனால் முடிந்தது. (அவிழ்க்கவே சோம்பியவர்களும் உண்டு. அந்தச் சோம்பலால் பிழைத்த கோப்புகளும் உண்டு!)

இன்றோ கோப்புகள் மின் அலுவலகத்துக்குள் புகுந்துவிட்டன. கணிப்பொறிக்குச் சோம்பல் இல்லை. நாள் வந்ததும் தானே அழி என்று அதற்குக் கட்டளையிட்டுவிடலாம். நிரந்தரம் என்று குறிக்க வேண்டியதை மூன்றாண்டு என்று ஒருவர் குறித்துவிட்டால், அப்பிழை ஆயிரம் கோப்புகளில் ஓரிரவில் நிறைவேறும்.

வீண் அச்சமா இது? 2025 மே 30-ல் தேர்தல் ஆணையம் எழுதியது என்ன? தேர்தல் வழக்கு தொடரப்படாவிடில், வாக்குப்பதிவு முதலியவற்றின் படப்பதிவுகளை 45 நாட்களுக்குப் பின் அழித்துவிடலாம் என்பதே. வழக்குத் தொடரவும் அதே 45 நாட்கள்தான் கெடு! சந்தேகம் பிறகு எழுந்தால், சரிபார்க்கச் சான்று எங்கே?

1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் கணிப்பொறி ஆவணத்தையும் பொது ஆவணமென்றே கொள்கிறது. விதித்த முறையன்றி அழிக்கலாகாது என்கிறது. ஆயினும் அது மத்திய சர்க்காரையும் யூனியன் பிரதேசங்களையும் அவற்றின் நிறுவனங்களையுமே கட்டும். நமது தாலுகா கோப்பு அதன் வேலிக்கு வெளியே நிற்கிறது.

நாம் கேட்பது பெரிதன்று. இயந்திரம் பட்டியலிடட்டும், அழிக்கும் ஆணையில் பொறுப்புள்ள அதிகாரி கையொப்பமிடட்டும். வழக்கோ மனுவோ நிலுவையில் உள்ள கோப்பின்மீது நாட்கணக்கு ஓடலாகாது. நில ஆவணமாயின், அழிப்புப் பட்டியல் முன்கூட்டியே கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள், தோழர்களே! போகும்போது உங்கள் சர்வே எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டு நகல் கையில் இருக்கட்டும்.