மலிவான ஊருக்கு மாறு எண்டு எங்களுக்குச் சொல்லாதேங்கோ



ஒவ்வொரு வருடமும் ஒரு அட்டவணை சுத்தும். சுவிஸில் எந்த நகரத்தில் வீடு என்ன விலை, வாடகை எங்கே மலிவு எண்டு. சூரிச், ஜெனீவா, சூக் மேலே. லா சோ-த-ஃபோன் கீழே. எங்கட சனம் அதைப் பார்த்துவிட்டுக் கோயில் வாசலில் ஒரே புத்திதான் சொல்லும்: சூரிச் கட்டுப்படியாகாதெண்டால் ஆர்காவுக்கு மாறு.

இந்த அட்டவணை விலையை ஊரின் குளிர், மழை மாதிரிக் காட்டுது. வீட்டுக்காரர் அதில் எங்கேயும் இல்லை. ஆனால் இந்த நாட்டுச் சட்டப்படி வாடகையில் அளவுமீறின லாபம் எடுக்க ஏலாது. 2020இல் உச்ச நீதிமன்றம் வரம்பையும் சொன்னது: வட்டி குறைவாக இருக்கும் காலத்தில், அடிப்படை வட்டி வீதத்துக்கு மேலே 2 சதவீதம். ஆர் பார்க்கிறது? ஒருத்தரும் இல்லை. வீடு எடுத்து 30 நாளுக்குள் நாங்களே முறையிட வேணும். வாடகையாளர் சங்கம் செய்வித்த ஆய்வு, 2006 தொடக்கம் 2021 வரை 7,800 கோடி பிராங் கூடுதலாக அறவிடப்பட்டதெண்டு சொல்லுது. சங்கத்தின் கணக்கை நம்பேலாது எண்டால், வீட்டுக்காரர் தங்கட புத்தகத்தைத் திறக்கட்டும்.

சரி, மாறுவம். எப்பிடி? தஞ்சம் கேட்டு வந்தவரை எந்த மாநிலத்துக்கு அனுப்புறதெண்டு அரசுதான் பங்கிடுது. எங்கட அப்பா அம்மாமார் ஊர் பார்த்தா வந்து இறங்கினவை? குடியுரிமைக்கு மாநிலத்தைப் பொறுத்து 2 முதல் 5 வருடம் அங்கேயே இருந்திருக்க வேணும். மாநிலம் மாறினால் அந்தக் கணக்குப் பெரும்பாலும் முதலிலிருந்து. வாடகையில் மிச்சம் பிடிச்ச காசு ரயிலுக்குப் போகும். 2024இல் இரண்டாம் வகுப்பு ஜிஏ 3,995 பிராங்.

குடியுரிமை இல்லாதவருக்குத் தேசிய வாக்கெடுப்பில் வாக்கும் இல்லை. 2020 பெப்ரவரியில், புதிதாகக் கட்டும் வீடுகளில் பத்தில் ஒரு பங்கு லாபநோக்கு இல்லாததாக இருக்க வேணும் எண்ட கோரிக்கை 57 சதவீதத்தால் தோத்தது. நாட்டில் கால்வாசிக்கு மேலே வெளிநாட்டவர். அவர்களில் பெரும்பாலானோர் வாடகை வீட்டில். அண்டைக்கு அவர்களிடம் ஒருத்தரும் கேட்கேல்லை.

2024 டிசம்பரில் சூரிச்சின் சுகுஸ் வீடுகளில் மூண்டு கட்டடங்களுக்கு ஒரேயடியாகக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் போனது. 100க்கும் மேலே வீடுகள். அந்த வருடம் நகரத்தில் காலியாக இருந்த வீடு 0.07 சதவீதம். அதே நாடு, அதே வட்டி: பாசல் நகரத்தில் 2021இல் சனம் வாக்குப் போட்டு வென்றது. புதுப்பிக்கிறம் எண்டு சொல்லி வாடகையை நினைச்சபடி ஏத்த 2022 மே முதல் அங்கே தடை. ஜெனீவாவிலும் அப்பிடியொரு சட்டம் 1980களிலிருந்து இருக்கு. நகரங்களை ஒப்பிடத்தான் வேணுமெண்டால் இதை ஒப்பிடுங்கோ. (எங்களிலயே ரெண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டவை இருக்கினம். அவைக்கு இந்த மடல் பிடிக்காது.)

இப்ப உடனே செய்யக்கூடிய ஒண்டு. அடிப்படை வட்டி வீதம் 2023இல் 1.25இலிருந்து 1.75க்கு ஏறினபோது வீட்டுக்காரர் ரெண்டு தடவை 3 சதவீதம் கூட்டலாம் எண்டிருந்தது, கனபேர் கூட்டினவை. 2,000 பிராங் வாடகை 2,122 ஆகும். 2025இல் வீதம் திரும்ப 1.25க்கு இறங்கிட்டுது. கூட்டேக்க கடிதம் தானாக வந்தது, குறைக்க நாங்கள்தான் எழுத வேணும். பணவீக்கத்தில் ஒரு பங்கைக் கழிக்க அவருக்கு உரிமை உண்டு, கழித்தாலும் கேளுங்கோ. அம்மா அப்பாவின் ஒப்பந்தத்தையும் கடைசியாக வந்த மாற்றக் கடிதத்தையும் எடுத்து, அதில் எந்த வீதம் போட்டிருக்கெண்டு பாருங்கோ. பதிவுத் தபாலில் அனுப்புங்கோ. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், அடுத்த 30 நாளுக்குள் சமரச அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை.