மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு வகுப்பறை

எங்கள் தெருப் பெண் ஒருத்தி இந்த ஆண்டு பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துவந்து திருவொற்றியூரில் விற்கிறார். ஏதோ விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தவள், கையிலிருந்த வேதியியல் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். சும்மா புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைமேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் வரிக்கு இரண்டு சொல். மூன்றாம் பக்கத்தில் மேலே மட்டும் நாலைந்து. அதற்குப் பிறகு புத்தகம் கடையில் வாங்கியபடியே இருந்தது.

"ஏம்மா, அப்புறம் எழுதல?"

"ஒரு பக்கத்துக்கே ரெண்டு மணி நேரம் ஆவுது அங்கிள். அதுக்குள்ள கிளாஸ்ல அடுத்த சாப்டர் போயிட்டாங்க."

மிஸ்ஸைக் கேட்க வேண்டியதுதானே என்றேன். "கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் தடுமாறி நின்ற இடம் 'ஆஸ்மோசிஸ்'. தமிழ்வழியில் 'சவ்வூடு பரவல்' என்று படித்து மார்க்கும் வாங்கிய பாடம்தான் அது. இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த தண்ணீரிலிருந்து தொடங்கினேன். காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. வடசென்னைக் குழாய்களுக்கான அந்தத் தண்ணீர், இதே சவ்வூடு பரவலைத் தலைகீழாகத் திருப்பி, கடல்நீரை அழுத்தி, உப்பைச் சவ்வுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி எடுப்பது. "ஆர்.ஓ. தண்ணின்னு சொல்றோமே, அந்த 'ஓ' இதுதாம்மா" என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் வேதியியல் படித்தவன்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஓர் ஆள், அவ்வளவே.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை, நாம் "படிப்பு ஏறல" என்று கைகழுவிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனவர்களோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பிளஸ் டூ வரை பிள்ளையைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன், வாரம் ஒரு டெஸ்ட், மார்க் குறைந்தால் வீட்டுக்கு போன். கல்லூரியில் அந்த வேலி ஒரே நாளில் விழுந்துவிடுகிறது. வந்தாயா, படித்தாயா என்று கேட்க ஆள் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. ஒரு செமஸ்டருக்குச் சுமார் தொண்ணூறு வேலை நாட்கள். முதல் ஒரு மாதம் புரியாமலே ஓடிவிட்டால் மீதி நாட்களில் பிடிப்பது கடினம். இரண்டு அரியர் விழும். அது ஐந்தாகும். அதற்குள் கேட்டரிங் வேலையிலோ டெலிவரி வேலையிலோ கையில் காசு புழங்க ஆரம்பித்திருக்கும். "எனக்குப் படிப்பு வராதுண்ணா" என்று அவனே முடிவு கட்டிவிடுவான்.

வராத படிப்பு என்று ஒன்று இல்லை. எப்படிப் படிப்பது என்பது பிறவியில் வருவது இல்லை. நீச்சல் மாதிரி, சைக்கிள் மாதிரி, ஒருவர் சொல்லித் தந்து வருவது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதைத் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவைத்தார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரிவுகளாக்கினார்கள். ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் விழித்துக் கைடை உருப்போடும் நம் பிள்ளைகள் ஏன் தேர்வறையில் திணறுகிறார்கள் என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

ஆக, வகுப்பு முடிந்த அன்றே ஒரு வெள்ளைத் தாளில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிருப்பதை எழுத வேண்டும். மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை அதையே செய்ய வேண்டும். பழைய கேள்வித்தாளைக் கடைசி வாரத்தில் தேடாமல் முதல் மாதமே ஜெராக்ஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் எழுதி மாயக் கூடாது. ஓர் அத்தியாயத்தில் கழுத்தைப் பிடிக்கும் கலைச்சொற்கள் இருபது முப்பதுதான் இருக்கும். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கோர் அத்தியாயம் எடுத்துப் பட்டியல் போட்டு மாற்றிக்கொள்ளலாம். செல்போனைப் பக்கத்து அறையில் வைக்க வேண்டும் என்று எழுத வந்தேன். பக்கத்து அறை எத்தனை வீட்டில் இருக்கிறது?

இந்த விஷயத்தை மாணவனுக்கான அறிவுரையாக முடித்துவிட எனக்கு மனம் வராதது அதனால்தான். அந்தப் பெண்ணின் வீடு ஒற்றை அறை. விடியலுக்கு வெகுமுன்பே காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பும் அம்மா இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். மகளோ ஒன்பதுக்குத்தான் படிக்க உட்காருவாள். இதில் யார்மீது குற்றம்? ஒருவர்மீதும் இல்லை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, பொது விளக்கில், கொசுவை அடித்துக்கொண்டு படிக்கிறாள். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் படி அதிர்கிறது.

காலண்டரும் இந்தக் கரைக்குச் சாதகமாக இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்வளத்துக்கு அது தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் விசைப்படகை நம்பிய வீட்டில் வருமானம் நிற்கும் அந்த நாட்களில்தான் இரண்டாம் செமஸ்டர் தேர்வும், தம்பி தங்கையின் கல்லூரி அட்மிஷனும் வரும். முதல் செமஸ்டர் தேர்வோ மழைக்காலத்தில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தேர்வுகள் தள்ளிப்போயின. எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. தண்ணீரில் நனைந்த புத்தகத்தையாவது காயவைக்கலாம். எண்ணெய் ஏறிய நோட்டை என்ன செய்வது? அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாகத் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

தனியாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வேறொன்றில் நாம் யாரையும் தனியாக விட்டதில்லை. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் கேரம் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டைக் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டும் அவர் தந்தை நடத்தும் பயிற்சி மையத்தில் பழகியவர். நம் பகுதிக் கேரம் கிளப்புக்குள் போய்ப் பாருங்கள். நாலு பலகை, மேலே ஒரு பல்பு, போரிக் பவுடர் டப்பா. புதிதாக வந்த பொடியன் முதல் வாரம் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருப்பான். அப்புறம் ஓர் அண்ணன் அவன் விரலைப் பிடித்து ஸ்ட்ரைக்கர் மேல் வைப்பார். ஆட்டம் முடிந்ததும் "அந்தக் காயை ஏன்டா அங்க அடிச்ச? ரெட்டுக்கு பாலோ எங்கடா?" என்று கேள்வி வரும். தப்பாக அடித்தால் வெட்கம் இல்லை. நாளைக்கும் வருவான். நினைவிலிருந்து எடுப்பது, இடைவெளி விட்டுத் திரும்பச் செய்வது: எபிங்ஹாஸும் ரோடிகரும் சொன்னவை எல்லாம் அந்தப் பல்பின் கீழ் நடக்கின்றன, தப்பை உடனே திருத்துவதும் சேர்த்து. குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் இதே ஏற்பாட்டை வடசென்னை தன் சொந்தக் கையால் கட்டியிருக்கிறது. கல்லூரிப் படிப்புக்கு மட்டும் கட்டவில்லை.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களில் ஒன்றைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் நுண்கணிதப் பாடத்தில் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஆர்வம் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன மாணவர்களோ தாங்களாகப் போட்டுப் பார்த்த கணக்கைக் கூடி உட்கார்ந்து ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார்கள். ட்ரைஸ்மன் கூட்டுப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி உயர்ந்தது. விரலைப் பிடித்து ஸ்ட்ரைக்கர் மேல் வைக்கும் அண்ணனை அவர் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அது எவ்வளவு பெரிய தெம்பு என்பது வாங்குகிற வீட்டுக்குத் தெரியும். இனி வேண்டியது ஓர் இடமும் ஓர் ஆளும்.

இடம் ஏற்கெனவே இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகள் மாலையில் பூட்டப்படுகின்றன. பெஞ்சு, விளக்கு, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கின்றன. வார்டுக்கு ஒரு பள்ளியில், ஒரே ஒரு வகுப்பறையை ஆறு மணி முதல் ஒன்பதரை வரை திறந்தால் போதும். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் படிப்பிடம், இப்படி ஓர் இடத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு அதே ஆண்டு தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் பெரிய கட்டடங்கள் வரட்டும், வரவேற்போம். அவை எழும்வரை இந்த ஆண்டுப் பிள்ளை காத்திருக்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கு அறை வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது முக்கியம். திரும்பும்போது தெருவில் நடமாட்டமும் வெளிச்சமும் வேண்டும். அதைத் தெருக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

ஆள் என்றால் பேராசிரியர் வேண்டியதில்லை. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலும், தியாகராயா கல்லூரியிலும், பாரதி மகளிர் கல்லூரியிலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் அண்ணன், அக்காமார் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலை போதும். அரியர் வைத்துப் பிறகு எழுதித் தேறியவர் என்றால் இன்னும் நல்லது. எங்கே சறுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்பதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்களாகக் குறைந்த சம்பளத்தில் நிற்பவர்கள் பலர். ஆனாலும் முதல் இரண்டு வாரம், மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, "புத்தகத்தை மூடுங்க, இன்னிக்கு நடத்தினதை அஞ்சு வரி எழுதுங்க, தமிழ்ல எழுதினாலும் சரி" என்று சொன்னால் புதுப் பிள்ளைக்கு வழி பிடிபடும். புதிய மாணவர்களுக்கான அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்த நாட்களைச் சொற்பொழிவுகளிலேயே கழித்துவிடாமல் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

துறைமுகங்களும் ஆலைகளும் இந்த மண்ணில்தான் நிற்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டம், வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. பெயர்ப் பலகை வைத்த பெஞ்சுகள் தந்தது போதும். மாதம் ஒரு மாலை ஓர் இன்ஜினீயரை அனுப்புங்கள். பாடத்தில் வரும் வால்வும் பம்பும் கொதிகலனும் எப்படி வேலை செய்கின்றன என்று தன் கையால் தொட்டவர் வந்து சொல்லட்டும்.

படிக்காத அம்மா என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, நான் கண்ணால் கண்டது ஒன்று. அந்த மீன்கார அம்மாவிடம், "படிச்சியான்னு கேக்காதீங்க, இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க, எனக்குச் சொல்லுன்னு கேளுங்க" என்றேன். மறுவாரம் வாசலில் அரிவாள்மனை முன் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே மகள், சவ்வூடு பரவலைக் கைகளால் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப கருவாட்டுக்கு உப்பு போட்டா தண்ணி வெளிய வருதே, அதுவா?" என்றார் அம்மா. மகள் ஒரு கணம் பேசவில்லை. புத்தகத்தை எடுக்க உள்ளே ஓடினாள்.

பசித்த பிள்ளை படிக்காது என்பதை அந்தந்த வீட்டுக் கவலையாக விடாமல், 1920-இல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட ஏற்பாடு செய்தார். வண்ணாரப்பேட்டைக் கல்லூரி தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான். இன்று அந்தக் கல்லூரி வாசலில் புதிதாக நுழையும் பிள்ளைக்குச் சோறு கிடைத்துவிட்டது. உட்கார இடம் இல்லை.

எங்கள் தெருமுனையில் இருக்கும் பள்ளிக் காவலாளியிடம் பேசினேன். இரவெல்லாம் அவர் அங்கேதான் இருக்கிறார், வராந்தா விளக்கும் எரிகிறது. சாவி தலைமையாசிரியையிடம் இருக்கிறது. அவருக்கும் விருப்பம்தான், மண்டல அலுவலகத்திலிருந்து எழுத்தில் வந்தால் திறந்துவிடுவதாகச் சொல்கிறார். மனு தயார். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். இதுவரை பதினேழு கையெழுத்து. முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது. தாளில் லேசாக மீன் வாசம் இருக்கிறது.