இருக்கிற ஒரே லேப்டாப்பைக் கூறு போட வேண்டாம்

கல்லூரி திறந்த சில வாரங்களில் என் சர்வீஸ் கடைக்கு ஒரே நோயோடு லேப்டாப்கள் வரத் தொடங்கிவிடும். “லினக்ஸ் லேப் இருக்கு, டூயல் பூட் போட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க அண்ணா” என்பார்கள். ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் ஏற்றி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். யூடியூப் பார்த்து பூட் செட்டிங்கை மாற்றியிருப்பார்கள். நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டபடி பிட்லாக்கர் நிற்கும். புது லேப்டாப்பில் விண்டோஸ் கணக்கைத் தொடங்கும்போதே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. திருட்டிலிருந்து தகவலைக் காக்க வந்த நல்ல வசதிதான் அது. கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருந்தால் சாவியை எடுத்துவிடலாம். இல்லையென்றால் ப்ராஜெக்ட்டிலிருந்து அக்கா கல்யாணப் படங்கள் வரை போனது போனதுதான்.

லினக்ஸ் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் ஷெல் கமாண்டும் சி புரோகிராமும் பழக விர்ச்சுவல் மெஷின் தாராளம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். 8 ஜிபி ரேம் இருந்தால் அதில் 3 ஜிபியை உபுண்டுவுக்கு ஒதுக்கலாம். விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு விண்டோவாக ஓடும். ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், டிஸ்க்கையே துடைத்துப்போடும் கமாண்டைக்கூட அச்சமில்லாமல் அடித்துப் பார்க்கலாம். (ஷேர்டு ஃபோல்டரை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.) கெட்டுப்போனால் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மெஷின் ஆமை வேகத்தில் நகர்ந்தாலோ, தொடங்கவே மறுத்தாலோ, பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டூயல் பூட்டைச் சரியாகப் போட்டாலும் தொல்லை முடிவதில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இதை ஒரு கமாண்டில் சரிசெய்யலாம். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பல டூயல் பூட் இயந்திரங்களில் லினக்ஸைத் தொடங்கவே விடவில்லை. பயன்படுத்தியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை.

டூயல் பூட்டே கூடாது என்பதல்ல என் கட்சி. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ரேம் குறைந்த அந்த இயந்திரங்களில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. அங்கே அதுதான் சரியான வழி. கிராஃபிக்ஸ் கார்டின் முழு பலமும் தேவைப்படும் வேலைக்கும் அப்படியே. இரண்டாவது எஸ்எஸ்டி போட இடமிருந்தால் லினக்ஸை அதில் தனியாக ஏற்றுவது இன்னும் நல்லது.

பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் அந்த லேப்டாப்புக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு விர்ச்சுவல் மெஷினையே சொல்லிக்கொடுங்கள். டூயல் பூட் வேண்டும் என்று கேட்பவரிடம், பேக்கப் எடுத்தாயிற்றா, மீட்புச் சாவியை நோட்டில் எழுதியாயிற்றா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு லினக்ஸ் ஏற்றும் பென்டிரைவைக் கொடுங்கள்.