ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது?



போன வாரம் மருமகன் சென்னையிலிருந்து போன் செய்தார். "மாமா, பாப்பா பேர்ல ஓர் எழுத்து கூட்டணுமாம். பத்தாம் வகுப்பு மார்க் சீட் அச்சாகுறதுக்குள்ள மாத்திட்டா நல்லதாம். நீங்கதான் கவர்ன்மென்ட்ல இருந்தவர். கெஜட்டுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். பெயர் ராசி பார்க்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷில் எழுதும்போது இன்னொரு 'ஏ' சேர்த்தால் கூட்டுத்தொகை மாறி, பேத்திக்கு டாக்டர் சீட் வந்துவிடுமாம். பார்த்துச் சொன்னதற்குக் கட்டணம் 5,000 ரூபாய்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எழுத்துக்குள் பொருள் தேடுகிறவர்களை நான் கேலி செய்கிறவன் அல்ல. எங்கள் பரளச்சி இருப்பது திருச்சுழி தாலுகாவில். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழியாக்கிப் பூமிக்குள் இறக்கினார் என்பது அந்த ஊரின் தலக்கதை. சுழி என்றால் நீர்ச்சுழி. சுழி என்றால் பூஜ்ஜியம். தலையில் இருப்பதும் சுழி, தாளின் தலையில் போடுவதும் பிள்ளையார் சுழி. ஒரே சொல்லுக்குள் இத்தனை வைத்திருக்கும் மண்ணில் பிறந்தவன், எழுத்தில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் தமிழ் எண்களே எழுத்து வடிவம்தான். க ஒன்று, உ இரண்டு, அ எட்டு, ய பத்து. திருமூலர் எட்டும் இரண்டும் என்று பேசுவது இதை வைத்துத்தான். எட்டு அகரம், இரண்டு உகரம். ஓங்காரத்தின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. இரண்டையும் கூட்டினால் பத்து, அதாவது ய. ஐந்தெழுத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் விளக்கத்தில் சி என்பது சிவம், வ அருள், ய உயிர், ந மறைப்பு, ம மலம். ஆக, எட்டும் இரண்டும் கூடினால் வருவது உயிர் என்று பெரியவர்கள் விரித்துச் சொல்வார்கள். மார்கழிக் குளிரில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்டு.

இது நமக்கு மட்டும் உரியது என்று பல காலம் நினைத்திருந்தேன். அப்பா பிழைப்புக்காகப் புதுச்சேரி மில்லுக்குப் போனதால், நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். அந்தப் படிப்பு தாலுகா ஆபீஸில் எதற்கும் உதவவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, பழைய புத்தகக் கடையில் யூத சமயம் பற்றிய ஒரு பிரெஞ்சு நூலை 30 ரூபாய்க்கு வாங்கிப் படிக்க உதவியது.

எபிரேய மொழியில் 22 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. சொல்லின் எழுத்துகளைக் கூட்டி, அதே கூட்டுத்தொகை வரும் இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பொருள் காண்பதற்குக் கெமாட்ரியா என்று பெயர். 'உயிருள்ள' என்று பொருள்படும் அவர்கள் சொல்லின் மதிப்பு 18. அதனால் நாம் 51, 101 என்று மொய் எழுதுவது போல அவர்கள் 18, 36 என்று அன்பளிப்பு கொடுக்கிறார்கள். தோரா என்னும் வேதத்தை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் ஓதி ஆண்டுக்குள் முடிப்பார்கள். அதில் ஒரு பகுதியில் ஆபிரகாம் 318 ஆட்களோடு போருக்குப் போகிறார். அவருடைய ஊழியன் எலியேசர் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 1, 30, 10, 70, 7, 200, மொத்தம் 318. எனவே ஆபிரகாமோடு போனது எலியேசர் ஒருவன்தான், ஒரு நல்ல துணை 318 பேருக்குச் சமம் என்று அவர்களுடைய பழைய உரைகாரர்கள் விளக்கம் சொல்கிறார்கள். எட்டும் இரண்டும் ஞாபகம் வராமல் இருக்குமா?

அதைவிட என்னைத் தொட்டது இன்னொரு செய்தி. தோராச் சுருளில் உயிரொலிக் குறிகள் கிடையாது. மெய்யெழுத்துகள் மட்டும்தான். ஓதுகிறவர் தன் குரலால் உயிர் கொடுக்க வேண்டும். நம் இலக்கணம் உயிர், மெய் என்று பெயர் வைத்ததை நினைத்துக்கொண்டேன். ஏட்டில் இருப்பது உடம்பு, உயிரை வாசகன் கொண்டுவர வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1879 டிசம்பர் 30-ம் தேதி திருச்சுழியில் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் திருவண்ணாமலை விருபாட்ச குகையில் இருந்தபோது, பிச்சைக்குப் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்காக எழுதியது அருணாசல அட்சரமணமாலை. 108 கண்ணிகள், அகர வரிசையில் தொடுத்த மாலை. அட்சரம் என்றால் எழுத்து, அழியாதது என்றும் பொருள். மணமாலை கல்யாண மாலையும் ஆகும், மணக்கும் மாலையும் ஆகும். இரண்டாவது கண்ணியில் அழகு என்று பொருள்படும் இரண்டு சொற்கள், ஒன்று தமிழ், ஒன்று வடமொழி, அடுத்தடுத்து வருகின்றன. தாயார் பெயர் அழகம்மை, தகப்பனார் பெயர் சுந்தரம். பெற்றோரை அங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று அடியார்கள் உருகினார்கள்.

பொருள் சொல்லும்படி அவரிடமே கேட்டபோது என்ன நடந்தது என்றும் அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதும்போது நான் யோசித்து எழுதவில்லை, வந்ததை எழுதினேன், பொருளை நீங்களும் யோசியுங்கள் என்ற கருத்தில் பதில் சொல்லியிருக்கிறார். எழுதியவரே உரிமை கொண்டாடவில்லை. என் பொருள்தான் சரி என்று சொல்லவில்லை. யாரையும் பயமுறுத்தவில்லை. காசும் கேட்கவில்லை.

இங்கேதான் நான் கோடு போடுகிறேன். எழுத்தில் பொருள் தேடுவது ஒன்று, எழுத்தில் எதிர்காலம் தேடுவது வேறு.

யூதர்கள் நடுவிலும் இந்தச் சறுக்கல் நடந்தது. ஆதியாகமத்தில் இத்தனை எழுத்துக்கு ஒன்று என்று தாண்டித் தாண்டி எடுத்தால் பிற்காலத்துப் புகழ்பெற்ற ரப்பிகளின் பெயரும் தேதியும் அருகருகே வருகின்றன என்று 1994-ல் மூன்று பேர் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயின்ஸ்' என்ற ஆய்விதழில் எழுதினார்கள். 1997-ல் மைக்கேல் டிராஸ்னின் என்ற பத்திரிகையாளர் அதை வளர்த்து, நடக்கப் போகும் கொலைகளும் அதில் இருக்கின்றன என்று புத்தகம் போட்டார். அமோகமாக விற்றது. திமிங்கல வேட்டைக் கதையான 'மோபி டிக்' நாவலில் ஒரு பிரதமர் கொலையைக் காட்டுங்கள், பிறகு உங்களை நம்புகிறேன் என்று விமர்சகர்களுக்குச் சவாலும் விட்டார். ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பிரெண்டன் மெக்கே அந்த நாவலில் அதே முறையில் தேடிப் பல தலைவர்களின் கொலைகளை எடுத்துக் காட்டினார். நம் இந்திரா காந்தி பெயரும் அதில் உண்டு. 1999-ல் அதே ஆய்விதழ், முதல் கட்டுரைக்கு விரிவான மறுப்பை வெளியிட்டது. எழுத்து நிறைய இருந்து, தேடும் விதியைத் தளர்த்திக்கொண்டால், வேண்டியது கிடைக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

நம் ஊர்ப் பெயர் ராசி அந்த அளவுக்குக் கூட நிற்காது. தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதி, அந்த எழுத்துக்கு எண் போட்டு, தமிழ்ப் பிள்ளையின் தலைவிதியைக் கணக்கிடுகிறார்கள். முருகன் என்று இங்கே எழுதினால் இங்கிலீஷில் 7 எழுத்து. புதுச்சேரிப் பதிவேட்டில் பிரெஞ்சு முறைப்படி மு, ரு இரண்டிலும் உகரத்துக்கு 'ஓ, யூ' என்று இரண்டிரண்டு எழுத்து போட்டு, கடைசியில் ஓர் 'இ' ஒட்டி 10 எழுத்தாக எழுதுவார்கள். முருகன் புதுச்சேரியில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால் அவனுடைய கிரகம் மாறிவிடுமா? என் பெயரும் அப்படித்தான் சில எழுத்துகளை இழந்தது. இழந்த பிறகுதான் சர்வீஸ் கமிஷன் தேர்வில் பாஸானேன்.

ஓர் எழுத்து ஒரு மனிதரின் வாழ்க்கையை மாற்றுவதை நானும் பார்த்திருக்கிறேன். மாற்றியவன் நானே.

முதியோர் உதவித்தொகை பைல்கள் என் மேஜையில் இருந்த காலம். ஒரு கிழவியின் மனு வந்தது. ரேஷன் கார்டில் பெயர் 'அம்மா' என்று முடிந்தது, வாக்காளர் பட்டியலில் 'அம்மாள்' என்று முடிந்தது. 'பெயரில் முரண்பாடு உள்ளது, திருத்தி வரத் திருப்பலாம்' என்று குறிப்பு எழுதினேன். விதிப்படி சரிதான். அந்தம்மா மல்லிக் காட்டு வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு புரட்டி, மூன்று தடவை வந்தார். "அது நாந்தேன்யா, ஊரைக் கேளு" என்றார். ஒரு விசாரணை அறிக்கை வாங்கி அன்றைக்கே முடித்திருக்கலாம். அதிகாரியிடம் எழுந்து போய்ச் சொல்ல எனக்குச் சோம்பல். நாலு மாதம் இழுத்தது. உத்தரவு போனபோது வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

தோராச் சுருளில் ஓர் எழுத்து விடுபட்டாலும் அது ஓதத் தகுதியற்றது, திருத்த வேண்டும் என்பது அவர்கள் விதி. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுருளைத் திருத்துகிறவன் பேனாவை எடுத்து அந்த எழுத்தைப் போடுகிறான். நான் பேனாவை எடுத்துத் திருப்பி அனுப்பினேன். 'ள்' ஒரு மெய்யெழுத்து. உயிர் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அரசாங்கம் எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் எழுத்தர்.

மருமகனுக்கு நேற்றுப் பதில் சொன்னேன். "மாப்பிள்ளை, கெஜட்டில் மாற்றுவது கஷ்டம் இல்லை, வழி சொல்கிறேன். ஆனால் பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் அந்த 'ஏ' ஏற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், என்னை மாதிரி ஒருத்தன் ஏதோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து பைலைத் திருப்புவான். டாக்டர் சீட்டுக்கு எழுத்து கூட்ட வேண்டாம், அந்த 5,000-க்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவ அம்மாகிட்ட பேசுறேன் மாமா" என்றார். என்ன செய்வார்கள் என்று தெரியாது.

ஐந்தெழுத்தை ஓதுங்கள், எட்டையும் இரண்டையும் கூட்டுங்கள், அதில் மனம் கனிந்தால் நல்லது. கூட்டிக் கழித்துப் பயம் காட்டுகிறவனிடம் மட்டும் போகாதீர்கள். கூடவே ஒரு வேலை செய்யுங்கள். பென்ஷன் புத்தகம், ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்து வைத்து, உங்கள் பெயரும் வீட்டுக்காரம்மா பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். குடும்ப பென்ஷன் அதை நம்பித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாத கிழவி இருந்தால், அவருடையதையும் வாங்கிப் பாருங்கள்.