'இனி ஒண்ணும் செய்யதுக்கு இல்ல'ங்கற பொய்

மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு கோவம்.

அஞ்சுகிராமத்துல எங்க அத்தைக்கு மார்புப் புற்றுநோய். எலும்புக்குப் பரவினதும் "இனி ஒண்ணும் செய்யதுக்கு இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டாங்க ஒரு ஆஸ்பத்திரியில. (பேர் வேண்டாம்.) ரெண்டு மாசத்துல முதுகுவலி. படுத்தா கூடுது, இருமினா கூடுது. அப்புறம் நடை தள்ளாடிச்சு. போன் பண்ணிக் கேட்டா "பலவீனம், அப்படித்தான் இருக்கும்." மூணாம் நாள் ரெண்டு காலும் விழுந்துட்டு. ஒண்ணுக்கும் போகல.

அது பலவீனம் இல்ல மக்கா. முதுகெலும்புல வளர்ந்த கட்டி தண்டுவடத்தை நெரிக்குது. அன்னைக்கே டெக்சாமெத்தசோன் போட்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து, கதிர்வீச்சு குடுத்தா, நடந்து வர்ற ஆளு பெரும்பாலும் நடந்துக்கிட்டேதான் இருப்பாரு. கால் முழுசா விழுந்தப்புறம் திரும்பறது அபூர்வம். டெக்சாமெத்தசோன் ஒண்ணும் யானை விலை மருந்தில்ல, கேட்டியளா!

இன்னொண்ணு, ரத்தத்துல கால்சியம் ஏறுறது. தாகம், மலச்சிக்கல், உளறல், தூக்கம். நாம "போற நேரம் வந்துட்டு"ன்னு சொந்தக்காரங்களுக்குத் தந்தி அடிக்காத குறை. சலைனும் சோலெட்ரோனிக் ஆசிடும் குடுத்தா பலருக்குத் தெளிஞ்சிரும்.

"சாகப்போறவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"னு ஒரு அண்ணாச்சி கேட்டார். கடைசி நாலு நாள்ல ஊசியும் ஸ்கேனும் வேண்டாம்தான், ஒத்துக்கறேன். ஆனா அத்தை அதுக்கப்புறம் அஞ்சு மாசம் இருந்தா. அந்த அஞ்சு மாசமும் தானே கக்கூசுக்கு நடந்து போயிருக்கலாம். நான் கேக்கது உயிரை இல்ல, அதை.

மார்ஃபின் கதை தனி. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அதை வாங்கவே இல்ல. 2014-ல சட்டத்தைத் திருத்தி, பல உரிமங்களுக்குப் பதிலா ஒரே அனுமதின்னு ஆக்கியாச்சு. இன்னும் "அடிமையாயிருவாங்க"ங்காங்க. வலிக்கு அளவா குடுத்தா அது அபூர்வம். மலச்சிக்கல்தான் நிச்சயம், அதுக்குக் கூடவே மருந்து குடுக்கணும்.

களியக்காவிளையைத் தாண்டினா கேரளா. அங்க 2008-லயே இதுக்குன்னு அரசுக் கொள்கை வந்துட்டு. 1956 வரைக்கும் நாமளும் அந்த ராஜ்ஜியம்தான், ஹும்... இங்கயும் 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்ற ஆதரவு சிகிச்சை உண்டு. உங்க ஊர்ல அவங்க மார்ஃபின் தாறாங்களா, கால் தளர்ந்தா யாரைக் கூப்பிடணும்னு சொல்றாங்களா? விசாரிச்சு பின்னூட்டத்துல போடுங்க. 'விதி'ன்னு எழுத வர்ற அனானிகளுக்கு இன்னைக்கு கதவு பூட்டியாச்சு.