நாற்காலி அறிவைக் கொடுக்குமா?

ஒருவருக்குப் புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டால் நம் ஜனங்கள் முதலில் கவனிக்கிற காரியம் என்ன? நல்ல நாள் பார்க்கிறார்கள், ராகுகாலம் தள்ளுகிறார்கள், மாலை வாங்குகிறார்கள், தெற்கே பார்த்திருந்த நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போடுகிறார்கள். இவ்வளவும் முடிந்து அவர் அதில் உட்கார்ந்தவுடனே, நேற்றுவரை நம்மைப்போல் பேசிக்கொண்டிருந்த மனிதர் சகலமும் அறிந்தவராகி விடுகிறார். பிறகு அவர் சொல்வதுதான் சட்டம். மற்றவர்களுக்கு அபிப்பிராயமே இருக்கக்கூடாது. இந்த அறிவு அவருக்கு எங்கேயிருந்து வந்தது? நாற்காலியின் மரத்திலிருந்தா, மெத்தையிலிருந்தா என்று கேட்கிறோம்.

மற்ற இலாகாக்களில் இந்த மயக்கம் இருந்தால் பணத்துக்கும் காலத்துக்கும் நஷ்டம். பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருந்தாலோ பிள்ளைகளின் அறிவுக்கே நஷ்டம். ஏனெனில், ஒரு ஜில்லாவின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்கிறவர் எந்தப் பிள்ளைக்கும் நேரே பாடம் சொல்லுகிறவரல்ல. சொல்லுகிறவர் உபாத்தியாயர். அந்த உபாத்தியாயரின் வாயை அடைத்து வைத்துவிட்டு, அவரிடம் படிக்கிற பிள்ளை மட்டும் தைரியமாய்க் கேள்வி கேட்கவேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா?

இதற்கு ஓர் உதாரணம் சொல்ல ஆசைப்படுகிறோம். அமெரிக்காவில் பள்ளிக்கூட நிர்வாகம் ஊர் ஊராகவும் வட்டம் வட்டமாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்விச் சபையும், அதன்கீழ் ஒரு சூப்பரின்டென்டென்டும் உண்டு. சிக்காகோ நகரத்தில் 1909-ம் வருஷம் அந்த ஸ்தானத்துக்கு வந்தவர் எலா ஃபிளாக் யங் என்ற அம்மையார். அமெரிக்காவின் ஒரு பெரிய நகரத்தின் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு பெண் தலைமை ஏற்றது அதுதான் முதல் தடவை. நாடு முழுவதற்கும் அரசியல் சட்டத்தின் மூலம் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1920-ல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

அம்மையார் 1845-ல் பிறந்தவர். சிறு வயதில் உடம்பு சரியில்லாததால் பள்ளிக்கூடம் அனுப்பப்படவில்லை. எழுத்துக்கூட்டித் தாமே வாசிக்கக் கற்றுக்கொண்டார். (நம்மைப் போலப் பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.) 1862-ல், 17-வது வயதில், சிக்காகோவிலேயே உபாத்தியாயர் ஆனார். படிப்படியாக உயர்ந்து 1887-ல் உதவி சூப்பரின்டென்டென்ட் ஆனார்.

1898-ல் அவருக்கு மேலே ஒரு புதிய தலைவர் வந்தார். வந்தவர் சாமானியரல்ல, ஒரு சர்வகலாசாலைக்கே தலைவராய் இருந்தவர். ஆனால் அவர் நடத்திய முறையோ, மேலே இருப்பவர் உத்திரவு போடுவது, கீழே இருப்பவர்கள் அதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ப்பது என்பதாய் இருந்தது. தமக்கு நம்பிக்கையில்லாத முறைக்குக் கங்காணி வேலை பார்க்க யங் அம்மையாருக்குச் சம்மதமில்லை. 1899-ல், 12 வருஷம் வகித்த உத்தியோகத்தை ராஜினாமா செய்தார். சம்பளமும் அந்தஸ்தும் உள்ள வேலையை 54-வது வயதில் உதறுவது விளையாட்டா?

வேலையை விட்டவர் வீட்டில் மூலையில் உட்காரவில்லை. பேரறிஞர் ஜான் டூவி அவர்களிடம் சிக்காகோ சர்வகலாசாலையில் படித்து, 1900-ல், 55-வது வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த விஷயம் என்ன தெரியுமா? பள்ளிக்கூட அமைப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டிருக்கிற கேட்டைப் பற்றித்தான். யோசிப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்றால் உபாத்தியாயர் யந்திரமாகிவிடுகிறார். யந்திரத்திடம் படித்த பிள்ளையும் யந்திரமாகும் என்பதே அவர் கண்ட சாரம்.

நிற்க. பத்து வருஷம் கழித்து அதே நகரத்தின் தலைமை நாற்காலி அவரிடமே வந்தபோது அவர் என்ன செய்தார்? நம் நாட்டு மாமியார்கள் பலர் தாங்கள் மருமகளாய்ப் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்வதுபோல் அவர் செய்யவில்லை. உபாத்தியாயர்கள் கூடிப் பேசி அபிப்பிராயம் சொல்லுவதற்கென்றே சபைகள் நடக்க ஆதரவு கொடுத்தார். 1910-ல் அமெரிக்க தேசியக் கல்விச் சங்கம் தன் முதல் பெண் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1913-ல் உயர்தரப் பள்ளிகளில் டாக்டர்களைக்கொண்டு இனப்பெருக்கம், உடல் சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவுகள் நடத்த ஏற்பாடு செய்ததற்கே பெரிய கூச்சல் கிளம்பி, அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வருஷம் டிசம்பரில் கல்விச் சபை ரகசிய ஓட்டுப் போட்டு வேறொருவரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்காகக் கூட்டம் கூட்டிக் கண்டித்தவர்கள் யார்? ஊரிலுள்ள பெண்களும் பொதுமக்களும்தான். அந்த மாதமே அவர் மறுபடியும் அமர்த்தப்பட்டு, 1915 முடியும்வரை வேலை பார்த்தார். நாற்காலியின் பலம் மட்டும் இருந்தவராயிருந்தால், நாற்காலி போன அன்றைக்கே அவரை ஊர் மறந்திருக்கும்.

“எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் நிர்வாகம் நடக்குமா?” என்று சிலர் கேட்கலாம். கேட்பது வேறு, முடிவு செய்யும் பொறுப்பை விட்டுவிடுவது வேறு. முடிவு தலைவருடையதே. ஆனால் எந்த வகுப்பில் மழை ஒழுகுகிறது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்து தூங்கி வழிகிறது, எந்தப் பாடம் குருட்டுப்பாடமாய் ஒப்பிக்கப்படுகிறது என்பது அங்கே நிற்கிற உபாத்தியாயருக்குத் தெரியுமா, பத்து மைலுக்கு அப்பால் கடிதக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தவரைக் கேளாமல் தெரியாதவர் போடுகிற உத்திரவுக்கு நிர்வாகம் என்று பெயர் வைப்பது அறிவுடைமையாகுமா?

ஆகவே, பள்ளிகளுக்குப் புதிதாய்த் தலைமை ஏற்க வருகிற தோழர் எவராயினும் அவருக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். பஞ்சாங்கத்தை மூடிவிடுங்கள். முதல் மாதம் உத்திரவு ஒன்றும் போடாவிட்டாலும் பாதகமில்லை. பள்ளி பள்ளியாய்ப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் முகத்துக்கு நேரே “இது தப்பு, ஐயா” என்று சொல்லக்கூடிய உபாத்தியாயர் ஒருவராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் அவரை மாற்றல் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று முதலில் யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.