குவார்ட்டர் தேசத்தில் ஒரு கிளாஸ் வைன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எப்போதாவது குடிக்கிறவன் நான். இதைப் படித்துவிட்டு என் பெரியம்மா போன் செய்வார். பரவாயில்லை.

போன மாதம் பெங்களூரில் ஒரு கல்யாணம். ராத்திரி, அம்பாசமுத்திரத்துக்கார நண்பர் வீட்டில் தங்கினேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு சிவப்பு வைன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். நந்தி மலை அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் விளைந்த திராட்சையாம். விலை ஆயிரம் ரூபாய்க்குள். நண்பர், அவர் மனைவி, நான். ஆட்டுக்கறிக் குழம்போடு ஆளுக்கு ஒரு கிளாஸ். ஒன்றரை மணி நேரம் ஓடியது. நடுவில் அவர் மகள் வந்து கணக்கில் சந்தேகம் கேட்டாள். தெளிவாகவே சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். யாரும் விழவில்லை. யாரும் அழவில்லை. பழைய காதலியின் பெயரை யாரும் சொல்லவில்லை!

ருசி? நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி லேசான துவர்ப்பு, அடியில் ஒரு புளிப்பு. உயரம் செய்கிற வேலை அது. பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். ராத்திரிக் குளிரில் புளிப்பு இறங்காமல் நிற்கும். அர்ஜென்டினாவில் ஆண்டீஸ் மலையடிவாரத்து மென்டோசாக்காரர்கள் இந்த உயரத்தை வைத்துத்தான் 'மால்பெக்' என்ற திராட்சையை உலகம் முழுக்க நியாயமான விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் பாளையங்கோட்டையில் வழக்கமான டீக்கடையில் இதைச் சொன்னேன். பெஞ்சில் இருந்த அண்ணாச்சி சிரித்தார்.

"வைனா? அது பொம்பளையாளுவ குடிக்கது வே. நமக்கெல்லாம் குவார்ட்டருக்குக் கீழ போனா ஏறாது."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தமிழ்நாட்டு மதுக் கொள்கை மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. 13 சதவீத வைனில் 150 மில்லி கிளாஸுக்கு 19.5 மில்லி. ஆக, ஒரு குவார்ட்டர் என்பது கிட்டத்தட்ட நாலு கிளாஸ் வைன். நண்பர் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் குடித்ததைவிட அதிகம். அதை நம்மாள் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஊறுகாயை நக்கிக்கொண்டு, நின்ற நிலையில் பத்து நிமிஷத்தில் முடிக்கிறான். அது குடிப்பதல்ல, ஊசி போட்டுக்கொள்வது.

இந்தப் பழக்கம் வானத்திலிருந்து குதித்ததா? இல்லை. டாஸ்மாக் 1983-ல் பிறந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பனைமரம் நம் மாநில மரம். அதிலிருந்து இறங்கும், ஐந்து சதவீதம் அளவில் ஆல்கஹால் உள்ள கள்ளை இறக்கினால் குற்றம். ஆலையில் இருந்து வரும் 42.8 சதவீதத்தை விற்பது அரசுப் பணி! 2023-24-ல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். கடைப் பட்டியலில் வைனும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. கடைக்குப் போகிறவர் கண்ணில் படுவதெல்லாம் குவார்ட்டர்தான்.

"வைன் பணக்காரன் சமாச்சாரம் சார்" என்பீர்கள். அப்படி ஆக்கிவைத்திருப்பதுதான் என் புகாரே. மகாராஷ்டிரா 2001-லேயே திராட்சை விவசாயிக்காக வைன் கொள்கை கொண்டுவந்தது. கர்நாடகா 2007-ல் கொண்டுவந்தது. நம்மிடம் திராட்சை இல்லையா? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கக் காய்க்கிறது. அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பறித்த பழம் நாலு நாள் தாங்காது. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டும். குறியீடு கொடுத்தோம், கைதட்டினோம், கூடை மட்டும் அப்படியே இருக்கிறது.

இது நமக்கு அந்நியப் பானம் என்ற பேச்சும் வேண்டாம். நம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில்தான் பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இருந்தது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பருகி இனிதாக வாழச் சொல்லிப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த ஆற்றங்கரைக்கு இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். படித்துறையில் கால் வைக்குமுன் உடைந்த பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்தில் நாம் அடைந்த முன்னேற்றம்!

ஒன்றை மறைக்கக் கூடாது. வைன் இதயத்துக்கு நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். குடியை விட நினைப்பவர் வைனுக்கு மாறவேண்டாம், விட்டுவிடுங்கள். என் சண்டை அரசாங்கத்தோடு. கடையை மூடுகிறேன் என்றால் மூடட்டும், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். மூடமாட்டேன், நானே விற்பேன் என்றால், எதை விற்கிறோம் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

கேட்பது சின்ன விஷயம். ஆல்கஹால் சதவீதத்துக்கு ஏற்ப வரி போடுங்கள். பிரிட்டன் 2023 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான் செய்கிறது. 42.8-க்குக் கூடுதல், 13-க்குக் குறைவு, 5-க்கு இன்னும் குறைவு. கள்ளை இறக்க விடுங்கள். கம்பத்து விவசாயி நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு வைன் ஆலை போட வந்தால் வழிவிடுங்கள். வருமானம் குறையும், உண்மைதான். ஆஸ்பத்திரி வாசலில் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களின் எண்ணிக்கையும் குறையலாம். எந்தப் பேரேட்டில் இதை வரவு வைப்பது என்று தெரியாததால்தான் நம் ஆட்கள் எழுதாமலே விடுகிறார்கள்.

அண்ணாச்சி, நாளைக்கும் டீக்கடைக்கு வருவேன். குவார்ட்டருக்குக் கீழே போனால் ஏறாது என்றீர்களே, உங்கள் நாக்கை அப்படிப் பழக்கினது யார் என்று நிதானமாக ஒருநாள் யோசித்துப் பாருங்கள்.

நிதானமாக இருக்கிற அன்றைக்கு.